ஒப்புக்குச் சப்பாணி அல்ல: உடற்குறையுள்ள சிறாரும் விளையாட்டும்

(கோலார் தங்க வயலில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சிறுவர்கள் தெருவில் ஆடும் ஆட்டங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வயதில் மிகச் சிறிய பிள்ளையோ, ஓட இயலாத பிள்ளையோ தானும் ஆடவேண்டும் என்று அழுதால், மற்றவர்கள் அப்பிள்ளையை விரட்டிவிடுவதில்லை. ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று பெயரிட்டுச் சேர்த்துக் கொள்வார்கள். அந்தப் பிள்ளை எல்லோருடனும் சேர்ந்து திரியலாம். ஆனால் அதைத் தொட்டாலும் அவுட் இல்லை. அது எடுத்த ஓட்டமும் கணக்கில் இல்லை. எந்தக் கட்சி வென்றாலும் தோற்றாலும் அதற்கு அதில் பங்கில்லை.

இந்த வழக்கத்தில் கனிவு உண்டு. அழுத பிள்ளையின் அழுகை நின்றுவிடுகிறது. ஆயினும் சப்பாணி என்ற சொல் கால் வழங்காதவரைக் குறிப்பது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வழக்கத்தின் மறுபக்கமும் புலப்படும். ஆட்டத்தில் இருந்தும் இல்லாத நிலைக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, நடக்க இயலாத பிள்ளையின் பெயரையே நமது மொழி எடுத்துக்கொண்டது. சிறு வயதினால் சப்பாணி ஆன பிள்ளை இரண்டு ஆண்டுகளில் வளர்ந்து உண்மையான ஆட்டக்காரன் ஆகிவிடுகிறது. உடற்குறையினால் சப்பாணி ஆன பிள்ளையோ பள்ளிப் பருவம் முழுவதும் அந்நிலையிலேயே இருக்கிறது. பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை வரும்போது வகுப்பறையில் பைகளுக்குக் காவல் இருப்பதும், மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து ஓட்ட எண்ணிக்கை எழுதுவதும் அப்பிள்ளையின் பங்காகி விடுகின்றன.

இந்நிலையை மாற்ற முடியுமா, மாற்றுவதற்கு என்ன தேவை என்பதே இன்று ஆராய வேண்டிய பொருள்.

தங்க வயலும் விளையாட்டும்

இதனைப் பேசுவதற்குக் கோலார் தங்க வயல் மிகவும் பொருத்தமான இடம். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தொழிலைத் தொடங்கிய பின், வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கின. சுரங்கத்துடன் மருத்துவமனையும், பள்ளிகளும், மைதானங்களும் தோன்றின. காற்பந்தும் ஹாக்கியும் ஓட்டப் பந்தயமும் இவ்வூர் மக்களின் வாழ்வில் கலந்தன. பகலில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர்கள் மாலையில் வெளிச்சத்திலும் காற்றிலும் ஆடி மகிழ்ந்தார்கள்.

அதே சுரங்கம் உடற்குறையையும் தந்தது. ஆழம் மிகுந்த இடங்களில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவது இவ்வூரார் நன்கு அறிந்த விபத்து. அதில் உயிர் இழந்தவர்கள் உண்டு. கை கால்களையும் முதுகெலும்பின் வலுவையும் இழந்தவர்களும் உண்டு. பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டு, பத்து அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியவர்கள் பலர். மைதானத்தில் பேர் பெற்ற ஆட்டக்காரர் விபத்துக்குப் பின் அந்த மைதானத்தின் பக்கமே போகாமல் இருந்துவிடுவது, சுரங்க ஊர்களில் எங்கும் காணக்கூடிய நிகழ்ச்சி. பாரத தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. மூடப்பட்ட பின்னும் சைனைடு மண் மேடுகள் நிற்கின்றன; மைதானங்களும் நிற்கின்றன. அந்த மைதானங்கள் யாருக்கு உரியவை என்பது இன்றும் கேட்கத் தக்க கேள்வியே.

ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஒரு மாணவரும்

உடற்குறை உடையோரின் விளையாட்டு இயக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் வேரைத் தேடிச் சென்றால் அதுவும் ஒரு சுரங்க ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அன்று ஜெர்மனியில் இருந்து, இன்று போலந்து நாட்டில் இருக்கும் கோனிக்ஸ்ஹூட்டே என்பது நிலக்கரிச் சுரங்க நகரம். 1917 இல் அங்கிருந்த விபத்து மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற பதினெட்டு வயது இளைஞர் பணியாளராக இருந்தார். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர் அவர். இன்னும் சில வாரங்களில் இறந்துவிடுவார், இவருக்காக மெனக்கெட வேண்டாம் என்பதே மருத்துவர்கள் கூறிய முடிவு. அவ்வாறே படுக்கைப் புண்ணும் நச்சுக் கிருமிகளும் பற்றி, ஐந்து வாரங்களில் அவர் இறந்தார். குட்மன் அந்த முகத்தை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

பின்னாளில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பெயர் பெற்ற குட்மன், யூதர் என்பதால் 1939 இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் குடியேறினார். 1944 இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட போர்வீரர்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. நோயாளிகளை இரவும் பகலும் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைத்துப் புண் வராமல் காத்தார். சிறுநீர்ப் பாதையில் நோய் தொற்றாமல் பார்த்துக்கொண்டார். உயிர் பிழைத்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அவர் கண்ட விடைகளில் ஒன்று விளையாட்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கோல்களால் பந்தை அடிக்கும் ஆட்டத்தில் அது தொடங்கிற்று.

1948 ஜூலை 29 ஆம் நாள் லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1960 இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கூடினார்கள். அதுவே முதல் பாராலிம்பிக் போட்டி என்று இன்று கணக்கிடப்படுகிறது. ஒருவருக்கும் பயன்படாமல் இறந்ததாகக் கருதப்பட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நினைவு, இத்தனை பெரிய இயக்கத்திற்கு உந்துதலாக அமைந்தது.

நமது நாட்டில்

தங்க வயலிலிருந்து பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை வழியே சென்றால் வேலூர் தொலைவில் இல்லை. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அதன் பின்னர் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கிற்று. 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த நிலையத்தில் சிகிச்சை பெற்றுச் சென்றவர்கள் ஆண்டுதோறும் மீண்டும் கூடும் விழாவில் விளையாட்டுப் போட்டிகளும் இடம்பெற்று வந்திருக்கின்றன.

அதே 1972 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் நீச்சற் போட்டியில் முரளிகாந்த் பேட்கர் தங்கப் பதக்கம் பெற்றார். 1965 போரில் குண்டடி பட்ட இராணுவ வீரர் அவர். இந்த வரலாற்றில் முதலில் தென்படுகிறவர்கள் வளர்ந்த பின் உடற்குறை அடைந்தவர்கள். விளையாட்டு அவர்களுக்கு இழந்ததை மீட்பதாக இருந்தது. பிறப்பிலோ பிள்ளைப் பருவத்திலோ உடற்குறை அடைந்தவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்கு விளையாட்டு என்றால் என்ன என்பதே தெரியாமல் பிள்ளைப் பருவம் கழிந்துவிடுகிறது.

பெங்களூரில் பிறந்த மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளா இதற்கு விலக்காக அமைந்தவர். கைக்குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சலால் உடல் செயலிழந்தது. பல ஆண்டுகள் சென்னையில் எலும்பு மருத்துவ நிலையம் ஒன்றில் தங்கிப் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்டார். பின்னர் சக்கர நாற்காலிப் பந்தயம், வட்டு, குண்டு, ஈட்டி எறிதல் ஆகியவற்றில் நாட்டின் சார்பில் கலந்துகொண்டு, 1988 சியோல் பாராலிம்பிக் உட்படப் பல போட்டிகளில் பங்குபெற்றார். அர்ஜுனா விருதும், 2001 இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. உடற்குறையுள்ள குழந்தைகளுக்காக இல்லம் ஒன்றையும் அவர் பெங்களூரில் நிறுவினார்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பள்ளி செல்லும் வழியில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியவர். அவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021 இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024 இல் பாரிசில் வெண்கலமும் அவர் வென்றார். பாரிஸ் போட்டியில் இந்தியா பெற்ற 29 பதக்கங்களில் மூன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய இளம்பெண்கள் இறகுப் பந்தில் வென்றவை. நித்யஸ்ரீ தங்க வயலுக்கு அண்மையிலுள்ள ஓசூரைச் சேர்ந்தவர்.

இவர்களின் பெயரைக் கேட்டுப் பெருமை கொள்வது நன்று. ஆனால் பதக்கம் பெறுவோர் சிலரே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நமது நாட்டில் 2.68 கோடிப் பேர் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்கள். அவர்களில் ஏறத்தாழ 54 லட்சம் பேருக்குக் கை கால் இயக்கத்தில் குறை. இவர்களுள் பள்ளி வயதில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றாடம் ஒரு மணி நேர ஆட்டம் கிடைப்பதுதான் அடிப்படை. மாரியப்பனுக்கு முதலில் கிடைத்ததும் பதக்கம் அல்ல, ‘நீயும் வா’ என்று அழைத்த ஓர் ஆசிரியரே.

ஆட்டம் ஏன் அவசியம்?

ஒரு காலத்தில் பிள்ளைகளின் கால்களை முடக்கியவற்றுள் முதன்மையானது இளம்பிள்ளை வாதம். தடுப்பு மருந்து இயக்கத்தின் பயனாக 2011 ஜனவரிக்குப் பின் நமது நாட்டில் இயற்கையாகப் பரவும் அந்நோய்க் கிருமியால் புதிய பாதிப்பு பதிவாகவில்லை. 2014 இல் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று பள்ளிகளில் காணும் உடற்குறைகளில் பெரும்பாலானவை வேறு காரணங்களால் வருவன: பிறப்பின்போது மூளைக்கு ஏற்படும் பாதிப்பு, தண்டுவடம் முழுமையாக மூடாமல் பிறத்தல், தசைச் சிதைவு நோய், சாலை விபத்து முதலியன.

இப்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி மருத்துவம் தேவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே பயிற்சியை நூறு முறை செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சலிப்படையும். பந்து ஒன்றைக் கொடுத்து எதிரே ஒரு தோழனை நிறுத்தினால் அதே அசைவை இருநூறு முறை விரும்பிச் செய்யும். விறைத்த தசைகள் நீள்கின்றன. மூட்டுகள் மடங்கி இறுகிப் போவது குறைகிறது. சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஆடும் பிள்ளையின் தோளும் கையும் வலுப்பெறுகின்றன.

தோள் வலுப்பெறுவதால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிப்பிடத்திற்கும் பிறர் தூக்காமல் தானே மாறிக்கொள்ள முடிகிறது. பத்து வயது வரை தாய் தூக்கிச் செல்லலாம்; பதினான்கு வயதுப் பெண்ணை யார் தூக்குவது? பல பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது பாடம் புரியாமையால் அல்ல, இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாமையால்தான். விளையாட்டு மைதானத்தில் பெறும் கைவலு பள்ளியிறுதி வரை படிப்பதற்கும் வழி செய்கிறது.

இன்னொரு பயன் மனத்தைப் பற்றியது. உடற்குறையுள்ள பிள்ளையிடம் வீட்டாரும் ஊராரும் பேசுவது பெரும்பாலும் இரக்கத்தோடு. அதனைத் தோற்கடிக்க எவரும் துணிவதில்லை. தோல்வியை அறியாத பிள்ளைக்குத் தன் திறனின் அளவு தெரியாது. இன்று தோற்று, நாளை திருத்திக்கொண்டு, மறுநாள் வெல்லும் அனுபவம் மற்றப் பிள்ளைகளுக்குத் தெருவில் கிடைக்கிறது. இவர்களுக்கு அது திட்டமிட்டுத் தரப்பட வேண்டியதாய் இருக்கிறது.

மாற்ற வேண்டியது ஆட்டத்தை

பிள்ளையை ஆட்டத்திற்கு ஏற்றபடி மாற்ற முடியாதபோது, ஆட்டத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுவதே தகவமைத்த விளையாட்டு என்பதன் பொருள். இடம், கருவி, விதி, அணி அமைப்பு என்ற நான்கில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றலாம்.

இடத்தை மாற்றுவதற்கு அமர்ந்தாடும் கைப்பந்து நல்ல எடுத்துக்காட்டு. 1950களில் நெதர்லாந்தில் உருவான இந்த ஆட்டத்தில் களம் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டதாகச் சுருக்கப்பட்டது. வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக்கூடாது. இதற்குச் சக்கர நாற்காலியே தேவையில்லை. வழவழப்பான தரையும் ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். இரு கால்களும் நன்றாக உள்ள பிள்ளையும் தரையில் அமர்ந்தவுடன் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுவதால், பள்ளியில் எல்லோரும் கலந்து ஆடுவதற்கு இது மிகவும் ஏற்றது.

கருவியை மாற்றுவதற்குப் போச்சியா ஆட்டத்தைக் கூறலாம். கை கால் நான்கும் வழங்காத பிள்ளைகளும் ஆடக்கூடியது இது. முதலில் ஒரு வெள்ளைப் பந்து வீசப்படுகிறது. பின்னர் ஒரு கட்சி ஆறு சிவப்புப் பந்துகளையும் மறு கட்சி ஆறு நீலப் பந்துகளையும் அதற்கு அருகில் சேர்க்க முயல்கின்றன. எறிய முடியாத பிள்ளை ஒரு சரிவுப் பலகை வழியே பந்தை உருட்டிவிடலாம். கையால் இயலாதபோது தலையில் கட்டிய கோலினால் தள்ளலாம். சரிவுப் பலகையை நகர்த்தித் தரும் உதவியாளர் களத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டி அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கே குறி வைப்பது என்ற முடிவு முழுவதும் பிள்ளையுடையதாகவே இருக்கவேண்டும் என்பது இதன் நோக்கம். கோலி ஆடிப் பழகிய நமது பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தின் நுட்பம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

விதியை மாற்றுவது இன்னும் எளிது. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இருமுறை தரையில் படலாம்; மற்ற விதிகள் பெரும்பாலும் பொது டென்னிஸுக்கு உரியவையே. சக்கர நாற்காலி இறகுப் பந்தில் ஒற்றையர் ஆட்டத்திற்குப் பாதிக் களம் மட்டுமே பயன்படுகிறது.

அணி அமைப்பைப் பற்றிய விதியே எல்லாவற்றிலும் கருதத் தக்கது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கூடையின் உயரமோ களத்தின் அளவோ குறைக்கப்படுவதில்லை. மாறாக, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவரது உடலியக்கத்தின் அளவுக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி தரப்படுகிறது. உடலை மிகக் குறைவாக அசைக்கக் கூடியவருக்கு 1.0, மிக அதிகமாக அசைக்கக் கூடியவருக்கு 4.5. களத்தில் இறங்கும் ஐவரின் புள்ளிகளைக் கூட்டினால் 14க்கு மேல் போகக்கூடாது. வலுவுள்ள ஐவரை மட்டும் இறக்கினால் கூட்டுத்தொகை 22.5 ஆகிவிடும், அந்த அணிக்கு ஆட அனுமதி இல்லை. ஆகவே உடற்குறை மிகுந்தவர் ஒருவராவது இருவராவது இல்லாமல் அணியே அமையாது. அவருக்கு ஆடும் திறனைக் கற்றுக்கொடுத்தால்தான் அணி வெல்லும். ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்ற வழக்கத்திற்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை.

கேட்கப்படும் ஐயங்கள்

பெற்றோர் முதலில் கேட்பது, அடிபட்டால் என்ன செய்வது என்பது. இது நியாயமான அச்சம். தண்டுவடக் குறையுள்ள பிள்ளைக்குக் காலில் உணர்ச்சி இராது. தோல் உராய்ந்து புண்ணானாலும் தெரியாது. ஆட்டம் முடிந்தவுடன் தோலைப் பார்ப்பதும், இடையிடையே கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்வதும் பழக்கமாக வேண்டும். தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளை களைத்துப் போகும் அளவுக்கு ஆடக்கூடாது. வலிப்பு வரும் பிள்ளையைத் துணையின்றி நீரில் இறக்கக் கூடாது. எலும்பு எளிதில் முறியும் பிள்ளைக்கு மோதல் உள்ள ஆட்டங்கள் ஆகா. ஆண்டுத் தொடக்கத்தில் மருத்துவரோ உடலியக்கப் பயிற்சியாளரோ ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, எது ஆடலாம், எது கூடாது என்று எழுதித் தந்தால் ஆசிரியரின் அச்சம் நீங்கும். இந்த எச்சரிக்கைகள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க உதவுவன. ஆட்டத்தை மறுப்பதற்குக் காரணமாகா.

இரண்டாவது ஐயம் பணம். வெளிநாட்டிலிருந்து வரும் பந்தய நாற்காலியின் விலை ஏழைக் குடும்பத்திற்கு எட்டாதது. ஆனால் தொடக்கத்திற்கு அது தேவையில்லை. அமர்ந்தாடும் கைப்பந்துக்கும் போச்சியாவுக்கும் செலவு குறைவு. நெடுக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் அதைத் தாங்கும் சட்டமும் இருந்தால் சரிவுப் பலகை ஆகிவிடும். துணிப்பையில் மணல் நிரப்பித் தைத்தால் பழகுவதற்குப் பந்து ஆகிவிடும். தங்க வயல் பிட்டர்களும் வெல்டர்களும் நிறைந்த ஊர். சுரங்கத்தின் கூண்டையும் உருளையையும் பழுது பார்த்த கைகள் இங்கே இருந்தன. மண் அள்ளும் எந்திரங்கள் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலையும் இங்கே அமைந்தது. சக்கரங்களைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தி, முன்புறம் காப்புக் கம்பி வைத்து, பின்னால் கவிழாதபடி சிறு சக்கரம் சேர்த்த ஆட்ட நாற்காலியை உருவாக்குவது இத்தகைய ஊருக்கு இயலாத செயல் அன்று. பத்து நாற்காலிகளைத் தாலுகாவுக்குப் பொதுவாக வைத்துப் பள்ளிகள் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, ஒரு பள்ளியில் ஒன்றிரண்டு பிள்ளைகளே இருக்கும்போது அணி சேர்ப்பது எப்படி என்பது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வாரநாட்களில் உடன் படிக்கும் பிள்ளைகளும் தரையில் அமர்ந்தோ நாற்காலியில் ஏறியோ கலந்து ஆடலாம். மாதம் ஒருமுறை பல பள்ளிப் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் போட்டி நடத்தலாம். இவ்வூரில் பெற்றோர் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள். மாலையில் பிள்ளையை மைதானத்திற்கு அழைத்துச் செல்ல அவர்களால் இயலாது. ஆகவே அன்றாட ஆட்டம் பள்ளி நேரத்திற்குள்ளேயே அமைய வேண்டும். மாதப் போட்டிக்கு வண்டி வசதி வேண்டும்.

சட்டம் கூறுவது

இவையெல்லாம் தரும காரியங்கள் அல்ல. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்று கூறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 இல் உறுதிசெய்தது. பள்ளியில் நடைபெறும் விளையாட்டிலும் இக்குழந்தைகளுக்குச் சமமான இடம் வேண்டும் என்று அது குறிப்பிடுகிறது. நமது நாடாளுமன்றம் 2016 இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, பள்ளிகள் இப்பிள்ளைகளுக்கு மற்றவரோடு சமமாக விளையாட்டு வாய்ப்பை அளிக்க வேண்டும் என்கிறது. 30 ஆம் பிரிவு, விளையாட்டிடங்களை மாற்றி அமைப்பதும் நிதி ஒதுக்குவதும் அரசின் கடமை என்கிறது. 2023 டிசம்பரில் புதுடில்லியில் முதலாவது கேலோ இந்தியா பாரா விளையாட்டுப் போட்டிகள் நடந்தன.

சட்டமும் போட்டியும் மேலிருந்து வருவன. அவை பள்ளி மைதானம் வரை வந்து சேர்வதற்குச் சில சிறு வேலைகள் உள்ளூரிலேயே ஆகவேண்டும். வகுப்பறையிலிருந்து மைதானத்திற்குச் செல்லும் வழியில் இரண்டு படிகள் இருந்தால், அங்கே ஒரு சாய்தளம் வேண்டும். மைதானத்தின் மூலையில் 10 மீட்டருக்கு 6 மீட்டர் அளவில் வழவழப்பான தரை ஒன்று வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவும் கைப்பிடிக் கம்பியும் கொண்ட கழிப்பறை வேண்டும். இது இல்லாத இடத்தில் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே ஆட நேரும். பிள்ளைகள் டிரில் மாஸ்டர் என்று அழைக்கும் உடற்கல்வி ஆசிரியருக்குச் சில நாள் சிறப்புப் பயிற்சி வேண்டும். விளையாட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் இப்பிள்ளைகளின் போட்டி பரிசளிப்புக்குச் சற்று முன் வேடிக்கைக்காக நடத்தப்படும் ஒன்றாக இராமல், மற்றப் போட்டிகளின் நடுவே, அதே நடுவருடனும் அதே விசிலுடனும் நடைபெற வேண்டும்.

கணக்கில் சேர்வது

இந்த வேலை நடந்துவிட்டதா என்பதை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. சாய்தளங்களின் எண்ணிக்கையும் வழங்கப்பட்ட நாற்காலிகளின் எண்ணிக்கையும் அறிக்கையில் வரும். அதோடு நின்றுவிடாமல் ஒரு மாலை நேரத்தில் மைதானத்திற்குச் சென்று பார்க்க வேண்டும். அங்கே ஊன்றுகோல் ஊன்றிய சிறுவன் ஒருவன் அவுட் ஆகி, ‘இல்லை, இல்லை, நான் அவுட் இல்லை’ என்று சண்டை பிடிக்கிறானா? மற்றவர்கள் விட்டுக்கொடுக்காமல் அவனோடு வாதாடுகிறார்களா? அப்படியானால் அவன் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். அவன் எடுத்த ஓட்டம் கணக்கில் இருக்கிறது. அதனால்தான் அவனுடைய அவுட்டும் கணக்கில் இருக்கிறது.

சப்பாணி என்ற சொல்லுக்கு நமது இலக்கியத்தில் வேறொரு பொருளும் உண்டு. பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தை உட்கார்ந்து, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டி மகிழும் பருவத்திற்குச் சப்பாணிப் பருவம் என்று பெயர். எந்த நாட்டுப் பாராலிம்பிக் வரலாறும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அமர்ந்த நிலையில் கைகொட்டும் குழந்தையைத் தமிழ்ப் புலவர்கள் பாட்டுடைத் தலைமையில் வைத்தார்கள். தங்க வயலின் மைதானங்களிலும் அந்த இரண்டாவது பொருளே வழங்குமாறு செய்வது பெற்றோர், ஆசிரியர், நகராட்சி, அரசு ஆகிய எல்லோருடைய கடமை.